டார்கோ மலையில் மூன்றாம் காலை நின்றுபோன டீசல் வாகனம்: உயரழுத்தப் பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

நெடுங்கேணியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மே மாதக் கடைசி வாரத்தில் நாங்கள் நால்வர் விக்டோரியாவின் டார்கோ உயர்சமவெளிப் பக்கம் மரை (கடமான்) வேட்டைக்குச் சென்றிருந்தபோது, எனது டீசல் வாகனம் காட்டுக்குள் நின்றுபோனது. வீடு திரும்பிய பின்னர் ஒரு கராஜில் காட்டினேன். உயரழுத்தப் பம்பையும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று ஏழாயிரம் டொலருக்கு மேல் மதிப்பீடு எழுதித் தந்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னர், இந்த வேலை தெரிந்தவர்களிடமும் அந்த மலையை அறிந்தவர்களிடமும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்குத் தேவையற்றதாகத் தோன்றுவது உங்களில் ஒருவருக்குத் தடயமாக இருக்கலாம் என்பதால், நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாகனம் ஒன்பது ஆண்டுகள் பழையது. காமன் ரெயில் டீசல் எஞ்சின் (பம்பு அழுத்தும் டீசல் ‘ரெயில்’ என்ற பொதுக்குழாய் வழியே இன்ஜெக்டர்களுக்குப் போகும் வகை), நான்கு சில்லும் இழுக்கும் அமைப்பு, 80 லீற்றர் தாங்கி. வெள்ளிக்கிழமை நண்பகல் மெல்பேர்ண் புறநகரில் தாங்கியை முழுதாக நிரப்பிக்கொண்டு புறப்பட்டோம். முதல் இரண்டு இரவுகளும் கீழே ஆற்றங்கரையில் தங்கினோம். இரண்டு காலைகளிலும் எஞ்சின் ஒரே சுற்றில் இயங்கியது. ஞாயிறு பிற்பகல் முகாமை மேலே, மரங்களற்ற ஓர் அழகிய புல்வெளிக்கு மாற்றினோம். தாங்கியில் கால் பங்குதான் மீதமிருந்ததால், கூரைமேல் வைத்திருந்த இரண்டு 20 லீற்றர் கலன்களையும் அன்று மாலையே அதற்குள் ஊற்றினேன். அவை ஏப்ரல் பள்ளி விடுமுறையில் குயின்ஸ்லாந்தின் லோங்ரீச் பக்கம் போனபோது அங்கே நிரப்பி, பயன்படுத்தாமலேயே திரும்பிக் கொண்டுவந்தவை.

அன்றிரவு வானம் ஒரு முகில்கூட இல்லாமல் தெளிந்திருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது புல் முழுவதும் வெள்ளையாக இருந்தது. தண்ணீர்க் கலன் உறைந்திருந்தது. எஞ்சின் வழக்கம்போல முதல் சுற்றிலேயே இயங்கி, ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஓடி, பிறகு தடுமாறி நின்றது. மீண்டும் திருகினால் சில வினாடிகள் பிடித்து நிற்கும். அதன் பிறகு பிடிக்கவே இல்லை. டீசல் ஃபில்டரின் மேலுள்ள கைப்பம்பை அமுக்கிப் பார்த்தேன். அது கல்லைப் போல இறுகியிருந்தது. புகைக்குழாயில் புகையும் வரவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டு முயன்றதில் பற்றரியும் சோர்ந்துபோனது.

அந்த இடத்தில் தொலைபேசி அலை கிடையாது. ஆகவே எங்களில் இருவர் இருட்டிலேயே மலைமுகட்டை நோக்கி ஒன்பது கிலோமீற்றர் நடந்தார்கள். மற்ற இருவரும், பெட்டியில் பூட்டிய துப்பாக்கிகளோடும் முதல் நாள் கிடைத்த மரையின் இறைச்சியோடும் வாகனத்தருகே இருந்தோம். பதினொரு மணியளவில் வேறு வேட்டைக்காரர்கள் அந்த வழியாக வந்து தங்கள் பற்றரியிலிருந்து கம்பி கொடுத்தார்கள். எஞ்சின் உடனே இயங்கியது. முதல் சில கிலோமீற்றருக்கு ஏற்றத்தில் சற்றுத் தயங்கியதைத் தவிர, மெல்பேர்ண் வரை எந்தக் குறையும் இல்லை.

கராஜில் கணினியைப் பொருத்தியபோது பி 0087 என்ற பிழைக்குறி, அதாவது ரெயிலில் டீசல் அழுத்தம் குறைவு என்பது, பதிவாகியிருந்தது. நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது அவர்களால் எந்தப் பிழையையும் காண முடியவில்லை. ஆயினும் அந்தக் குறி வந்தால் பம்புதான் காரணம் என்கிறார்கள். உண்மையிலேயே பம்புதானா, அல்லது பற்றரியா? அந்தக் காலையில் நாங்கள் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

---

கோவை டீசல் எழுதியது:

வணக்கம் அண்ணா. பதினேழு ஆண்டுகளாக டீசல் எஞ்சின் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து அந்த ஏழாயிரத்தை இப்போதைக்குக் கட்ட வேண்டாம். நீங்கள் எழுதியவற்றில் நான்கு செய்திகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. குளிரில் டீசலிலிருந்து மெழுகு பிரிந்து உங்கள் ஃபில்டரை அடைத்திருக்கிறது.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கும். வெப்பம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போது அந்த மெழுகு நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, டீசல் மங்கலாகிவிடும். அந்த நிலையிலும் அது குழாயில் ஓடும். ஆனால் சில மைக்ரான் துளைகள் கொண்ட ஃபில்டர் தாளைக் கடக்க முடியாது. ஃபில்டருக்கு அப்பால் ஏற்கெனவே நிற்கும் டீசலைக் கொண்டு எஞ்சின் இயங்கத் தொடங்கி, அது தீர்ந்ததும் நின்றுவிடும். உங்கள் எஞ்சின் இரண்டு நிமிடம் ஓடி நின்றதற்கு இதுவே காரணம்.

கைப்பம்பு இறுகியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி. அந்தப் பம்பு டீசலை ஃபில்டருக்குள் தள்ளுவது. எங்காவது காற்று புகுந்திருந்தால் அது எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று அமுங்கும். தாங்கியிலிருந்து வரும் குழாய் அடைத்திருந்தால் அமுக்கிய பின் மேலே எழும்பாது. அமுக்கவே முடியாமல் இறுகியிருந்தால் அடைப்பு ஃபில்டரில்தான் இருக்கிறது. புகை வராததும் இதற்குப் பொருந்துகிறது. பேட்டரியோ, எஞ்சினைத் தொடக்கத்தில் சூடாக்கும் கிளோ பிளக்கோ காரணமாக இருந்திருந்தால், எரியாத டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வந்திருக்கும். புகையே இல்லையென்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. டீசல் போகாவிட்டால் ரெயிலில் அழுத்தம் எப்படி ஏறும்? பி 0087 என்பது அழுத்தம் இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. யார் குற்றவாளி என்று சொல்வதில்லை. அதைப் பார்த்தவுடன் பம்பைக் கழற்றுவது, காய்ச்சல் என்றவுடன் இரத்தப் பரிசோதனைகூட இல்லாமல் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிப்பதைப் போன்றது. பழுதான பம்பு நகரத்திலும் ஏற்றத்திலும் நெடுஞ்சாலை வேகத்திலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பதினொரு மணிக்குத் தானாகக் குணமாகி ஐந்து மணி நேரம் ஓடி வீடு வந்து சேராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இரண்டு கலன்கள். எண்ணெய் நிறுவனங்கள் பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப டீசலின் கலவையை மாற்றுகின்றன. லாங்ரீச்சில் ஏப்ரல் மாதம் விற்கும் டீசல் உறைபனியைத் தாங்க வேண்டிய தேவை இல்லை. கால் தாங்கி என்பது 20 லிட்டர். அதன் மேல் நீங்கள் ஊற்றியது 40 லிட்டர். அன்றிரவு உங்கள் தாங்கியில் இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பநாட்டு டீசல். முதல் இரண்டு காலைகளில் வண்டி இயங்கியதும் மூன்றாம் காலை மறுத்ததும் இதனால்தான் என்று கருதுகிறேன்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். கலனில் எஞ்சியிருக்கும் டீசலில் சிறிது ஒரு கண்ணாடிக் குப்பியிலும், புதிதாக வாங்கிய டீசல் இன்னொரு குப்பியிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியில் உடைத்த ஐஸோடு கல்லுப்பைக் கலந்தால் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். இரண்டு குப்பிகளையும் அதில் வைத்து, ஒவ்வொன்றும் எந்த வெப்பநிலையில் மங்கத் தொடங்குகிறது என்று வெப்பமானியை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இதை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். உணவு வைக்கும் ஃப்ரீசரில் டீசலை வைக்க வேண்டாம்.

---

பனிக்காடு எழுதியது:

மேலே சொன்ன விளக்கம் பெரும்பாலும் பொருந்துகிறது என்றாலும், தண்ணீரை விட்டுவிட்டோம். கூரைமேல் வெயிலிலும் மழையிலும் ஆறு வாரம் கிடந்த கலனுக்குள், மூடி சரியாக இறுகியிருக்காவிட்டால், ஈரம் சேர்ந்திருக்கும். அந்தத் தண்ணீர் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கி உறைந்தாலும் இதே அறிகுறிகள்தான் தோன்றும். வெயில் ஏறியதும் உருகி வழிவிடும். ஆகவே குப்பிச் சோதனையோடு நிறுத்தாமல், ஃபில்டரின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் தனியாக அடியில் நிற்கும். பம்பை உண்மையிலேயே கெடுப்பது மெழுகைவிடத் தண்ணீர்தான். இதைச் சோதிக்காமல் பம்பு நலமாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

---

ஓமியோவாசி எழுதியது:

தம்பி, எஞ்சின் விடயத்தை அறிந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். முப்பது ஆண்டுகளாக இந்த மலைகளுக்குக் கீழே வாழ்பவன் என்பதால், நீங்கள் முகாமிட்ட இடத்தைப் பற்றியும் அந்த நடையைப் பற்றியும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரங்களற்ற அழகிய புல்வெளி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உயரத்தில் முகடுகளில் பனி யூகலிப்டஸ் மரங்கள் (ஸ்னோ கம்) அடர்ந்து நிற்கின்றன. பள்ளத்தில் மட்டும் மரமே இல்லை. ஏன் என்று கேட்டுப் பார்த்தீர்களா? தெளிந்த இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து அந்தப் பள்ளங்களில் குளம்போலத் தேங்குகிறது. மரக்கன்றுகள் அந்த உறைபனியைத் தாங்காமல் கருகிவிடுவதால் அங்கே புல் மட்டுமே நிலைக்கிறது. மரமில்லை என்பதே அந்த இடம் மற்ற இடங்களைவிடக் கடுமையாக உறையும் என்பதற்கு அடையாளம். முகாமைச் சரிவில் மரங்களுக்கிடையே சற்று மேலே போட்டிருந்தால், அதே இரவில் சில பாகை வெப்பம் கூடுதலாக இருந்திருக்கும். சில பாகைதான், ஆனால் உங்கள் டீசலுக்கு அந்தச் சில பாகைதான் தேவைப்பட்டது.

இனி அந்த நடை. உறைபனியில், இருட்டில், இருவரை ஒன்பது கிலோமீற்றர் அனுப்பியது தவறு. வாகனத்தில் போர்வையும் உணவும் நெருப்பும் இருந்தன. யாருக்கும் காயம் இல்லை. அது வேட்டைக்காரர்கள் வந்துபோகும் பருவம். ஐந்து மணி நேரத்தில் சூரியன் மேலே வந்துவிடும். நடந்தவர்களில் ஒருவர் கால் பிசகி விழுந்திருந்தால், நின்றுபோன வாகனம் என்ற சிறிய தொல்லை உயிராபத்தாக மாறியிருக்கும். துப்பாக்கிகளைப் பூட்டி, அருகிலேயே ஆட்களை நிறுத்தியது சரியான செயல். ஆளில்லாத வாகனத்தில் அவற்றை விட்டுவிட்டு நால்வரும் போயிருந்தால் அது இன்னொரு பெரும் பிழையாகியிருக்கும். மூன்று முறை வானத்தை நோக்கிச் சுடுவது உதவிக்குரல் என்று சிலர் இன்னமும் நம்புகிறார்கள். மரை வேட்டைப் பருவத்தில், வேட்டைக்காரர்கள் நிறைந்த காட்டில், மூன்று வெடிச்சத்தம் யாருடைய கவனத்தையும் ஈர்க்காது. மேலே போகும் குண்டு எங்கே விழும் என்பதும் தெரியாது.

வாகனத்திலுள்ள யூ.எச்.எஃப். இருவழி வானொலியில் 5ஆம் அலைவரிசையும் 35ஆம் அலைவரிசையும் அவசர உதவிக்கென்றே ஒதுக்கப்பட்டவை. முகட்டுக்கு ஏறாமலேயே, மணிக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்திருக்கலாம். இதற்கு மேல், 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கும் தனிநபர் அவசரக் குறியீட்டுக் கருவி ஒன்றை வாங்கி, ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்திடம் உங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது உயிருக்கு ஆபத்து என்ற நிலைக்கு மட்டுமே உரியது. வாகனம் இயங்கவில்லை என்பதற்காக அதை அழுத்தக் கூடாது. வாகனத் தொல்லைக்கு, செய்மதி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் சாதனம் ஒன்று குழுவில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நீங்கள் தேடிப்போகும் இந்த மரை, 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இங்கே கொண்டுவந்து விடப்பட்ட விலங்கின் வழித்தோன்றல். நமது காட்டில் வெப்பத்துக்குப் பழகியிருந்த மான் இந்தக் குளிரையும் பழகிக்கொண்டு பெருகிவிட்டது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் கிடைத்தன. உங்கள் லோங்ரீச் டீசலுக்குக் கிடைத்தது ஒரே ஓர் இரவு.

---

மலையடிவாரம் எழுதியது:

என் தந்தையார் லாரி ஓட்டியவர். குளிர்ப் பகுதிகளில் டீசலோடு மண்ணெண்ணெய் கலப்பார்கள் என்றும், தாங்கிக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்குவார்கள் என்றும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போதைய எஞ்சின்களில் அவற்றைச் செய்யலாமா?

---

கோவை டீசல் எழுதியது:

இரண்டையும் செய்யக் கூடாது. பழைய இயந்திரப் பம்புகள் மண்ணெண்ணெயைப் பொறுத்துக்கொண்டன. காமன் ரெயில் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு டீசலேதான் உயவு எண்ணெய். அந்தப் பம்பு ஆயிரம் பார் என்ற அளவுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்கிறது. மண்ணெண்ணெய் அந்த உயவைக் குறைத்துவிடும். அப்போது அண்ணாவின் கராஜ் சொன்னது உண்மையாகிவிடும். பெட்ரோல் கலப்பதை நினைத்தும் பார்க்க வேண்டாம். தீ மூட்டும் வழக்கத்தைப் பற்றி நானும் கேள்விப்பட்டிருக்கிறேன். ரப்பர்க் குழாய்களும் மின்கம்பிகளும் உள்ள இன்றைய வண்டியில் அது வண்டியையே இழப்பதற்கான வழி. லடாக் பகுதிக்காக இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் −33 டிகிரி வரை ஓடும் தன்மையை இழக்காத குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது; இதுபோன்ற வழக்கங்களுக்குத் தேவை இருக்கக் கூடாது என்பதும் அதன் நோக்கத்தில் அடங்கும்.

விக்டோரியாவில் மலைக் குளிருக்கென்றே ஆல்பைன் டீசல் இருக்கிறது. பிரைட், மான்ஸ்ஃபீல்ட் போன்ற மலையடிவார ஊர்களின் பெட்ரோல் பங்குகளில் குளிர்காலத்தில் கிடைக்கும். மே மாதமாக இருந்தால், வந்துவிட்டதா என்று பங்கில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். மெல்போர்னில் முழுத் தாங்கி நிரப்பிவிட்டு அங்கே போய்ப் பத்து லிட்டர் சேர்ப்பதால் பயனில்லை. தாங்கி பெரும்பாலும் காலியான நிலையில் அங்கே போய்ச் சேரும்படி கணக்கிட்டு, அங்கே நிரப்புங்கள்; நிரப்பிய பின் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் ஃபில்டரிலும் குழாயிலும் புதிய டீசல் வந்து நிற்கும். மெழுகைத் தடுக்கும் சேர்மானங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை மெழுகு பிரிவதற்கு முன்பே கலக்க வேண்டும். உறைந்த பின் ஊற்றினால் பலன் இருக்காது.

அந்தக் காலையில் என்ன செய்திருக்கலாம் என்று அண்ணா கேட்டிருந்தார். இரண்டாம் முறை நின்றவுடனேயே சாவியை விட்டுவிட்டிருக்க வேண்டும். அரை மணி நேரம் சுற்றியதில் பேட்டரி வீணானது; ஸ்டார்ட்டரும் தேவையின்றிச் சூடேறியது; வறண்ட பம்பு சுற்றிக்கொண்டிருந்தது. துணியை வெந்நீரில் நனைத்து ஃபில்டரைச் சுற்றிப் பல முறை மாற்றி மாற்றிக் கட்டியிருக்கலாம். கொதிநீரை நேரடியாக ஊற்றினால் பிளாஸ்டிக் கூடு வெடிக்கக்கூடும். மெழுகு சூட்டில் மீண்டும் கரைந்துவிடும். கைப்பம்பு இளகுவதே அதற்குச் சான்று. அதுவும் முடியாவிட்டால், எஞ்சின் மூடியை வெயில் படும் திசைக்குத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் போட்டுக் காத்திருப்பதுதான் சரி.

பேட்டரியா என்ற அண்ணாவின் குழப்பத்துக்கும் காரணம் இருக்கிறது. பதினொரு மணிக்கு வெயிலும் வந்தது, கம்பியும் வந்தது. கம்பி கொடுத்தவுடன் இயங்கியதால் எல்லோரும் பேட்டரியை நினைக்கிறார்கள். ஐந்து மணிக்கே அந்தக் கம்பி கிடைத்திருந்தாலும் எஞ்சின் இயங்கியிருக்காது.

---

நெடுங்கேணியான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

கலனில் அரை லீற்றர் அளவு எஞ்சியிருந்தது. ஐஸும் உப்பும் கலந்து சோதித்தபோது, அந்த டீசல் ஏறத்தாழ 2 பாகையிலேயே மங்கத் தொடங்கி, −3 பாகையில் கஞ்சி போலத் தடித்துவிட்டது. மான்ஸ்ஃபீல்டில் வாங்கிய ஆல்பைன் டீசல் −4 பாகையிலும் தெளிவாகவே இருந்தது. குப்பிகள் இரண்டையும் அருகருகே வைத்து என் மகனுக்கும் காட்டினேன்.

பனிக்காடு அவர்கள் சொன்னபடி ஃபில்டரின் வடிகால் திருகையும் திறந்தேன். தேக்கரண்டி அளவுக்குத் தண்ணீர் வந்தது; ஒரு கலனின் மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்திருந்தது. ஃபில்டரை மாற்றி, பழையதை வெட்டிப் பார்த்தபோது உலோகத் துகள் எதுவும் இல்லை. பம்பு தேயத் தொடங்கியிருந்தால் ரெயிலிலும் இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பும் குழாயிலும் துகள் தெரியும் என்று வேறொரு டீசல் வல்லுநர் சொன்னதால், அவரிடமே அந்தச் சோதனையையும் இன்ஜெக்டர் கசிவுச் சோதனையையும் செய்வித்தேன். இரண்டிலும் குறை இல்லை. செலவு முந்நூறு டொலருக்குள் முடிந்தது. பற்றரி மட்டும் பாரம் கொடுத்துச் சோதித்தபோது தேறவில்லை. அன்று காலை நான் அதைப் படுத்திய பாட்டுக்கு அது நியாயம்தான். புதியது போட்டுவிட்டேன்.

ஓமியோவாசி ஐயாவுக்குத் தனியாக நன்றி. நடந்து போன இருவரில் ஒருவர் என் மைத்துனர். உங்கள் மடலை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, இருட்டில் ஓர் இடத்தில் வழுக்கி விழுந்து எழுந்ததை அவர் அப்போதுதான் என்னிடம் சொன்னார். வானொலி ஏற்கெனவே வாகனத்தில் இருந்தது. அதில் 5ஆம் அலைவரிசையில் அழைக்கலாம் என்று எங்கள் நால்வரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவசரக் குறியீட்டுக் கருவியை வாங்கிப் பதிவும் செய்துவிட்டேன்.

சென்ற வார இறுதியில், குறைந்த டீசலோடு மான்ஸ்ஃபீல்ட் வரை போய், அங்கே ஆல்பைன் டீசல் நிரப்பி, ஊருக்கு வெளியே ஒரு முகாமில் ஓர் இரவு தங்கினேன். காலை ஆறரை மணிக்குக் கண்ணாடி முழுவதும் உறைபனி. வெப்பமானி −4 பாகை காட்டியது. எஞ்சின் இயங்கியது. இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. திங்கட்கிழமை அந்தக் கராஜுக்குத் தொலைபேசியில் அழைத்து, பம்பு வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.